அலைச்சல் தொழிலாளிக்கு, அனுமதி காண்ட்ராக்டருக்கா?



திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் காண்ட்ராக்ட் தொழிலாளர் நாலு பேர் கூடினால் ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. “மதுரை விமான நிலையத்தில் துப்புரவு வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கூப்பிடுகிறார்களாம். கூடங்குளத்தில் கட்டுமான வேலை நடக்கிறதாம். ஆனால் போலீஸ் சான்று வேண்டும், பாதுகாப்பு அனுமதி வேண்டும் என்கிறார்கள். அதற்கு நடையாய் நடக்க வேண்டும். நடந்து வாங்கத்தான் வேண்டுமா? வாங்கினால்தான் என்ன மிச்சம்?”

நியாயமான கேள்வி. “வாங்கிவிடு” என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். “வேண்டாம், போ” என்றும் சொல்லிவிடலாம். இரண்டும் பொறுப்பற்ற பதில். கூலிக்காரன் வீட்டுக் கணக்கு தெரிந்தவன்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

கணக்கு என்ன சொல்கிறது?

விண்ணப்பம் எழுத வேண்டும். போட்டோ வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு நகல் வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும். விசாரணைக்கு ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும் நாளில் வீட்டில் இருக்க வேண்டும். வராவிட்டால் ஸ்டேஷனுக்கு நாமே போக வேண்டும். முந்தி இருந்த ஊர் வேறு என்றால் அந்த ஊர் ஸ்டேஷனுக்கும் தகவல் போய் வர வேண்டும்.

ஒரு பேச்சுக்குக் கூலி நாளொன்றுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலு நாள் வேலை கெட்டால் 2,400 ரூபாய். கட்டணம், நகல், பஸ் சத்தம் எல்லாம் சேர்த்து ஒரு 600. ஆக 3,000 ரூபாய் கையை விட்டுப் போகிறது. புது வேலையில் நாளுக்கு 100 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்றால், போட்ட பணத்தை எடுக்க 30 நாள் உழைக்க வேண்டும். காண்ட்ராக்ட் மூன்று மாதம் என்றால், மாதம் 26 நாள் வீதம் 78 நாள் வேலை. அதில் 30 நாள் கடனுக்குப் போக, மிச்சம் 48 நாள். 4,800 ரூபாய் லாபம். காண்ட்ராக்ட் ஒரு மாதம் என்றால்? போட்ட பணமே திரும்பி வராது!

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சான்று வரும் வரை வேலை இல்லை. “இன்றைக்கு வரும், நாளைக்கு வரும்” என்று இருக்கிற மில் வேலையை விட்டுவிட்டுக் காத்திருப்பவர் கதி என்ன? மேலே போட்ட கணக்கு தலைகீழாகிவிடும்.

இவ்வளவும் போகட்டும். ஒருமுறை அலைந்து வாங்கினால் ஐந்து வருஷம் உதவும் என்றால் தாங்கிக்கொள்ளலாம். இங்கேதான் சூது இருக்கிறது.

யாருடைய சீட்டு?

விமான நிலையத்துக்குள் வேலைக்குப் போக நுழைவுச் சீட்டு வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகத்தின் விதிப்படி அது வழங்கப்படுகிறது. விண்ணப்பிப்பது தொழிலாளி அல்ல. அவரை வைத்திருக்கும் கம்பெனி. வேலை போனால் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த காண்ட்ராக்டர் வந்தால் மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் விசாரணை. ஆளும் அதே ஆள், கைரேகையும் அதே கைரேகை, கூட்டுகிற தரையும் அதே தரை. சீட்டு மட்டும் புதுச் சீட்டு!

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன ஊர். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பூட்டு. பூட்டைச் செய்கிற தொழிலாளிக்குத் தெரியும்: சாவி யாரிடம் இருக்கிறதோ அவனுடையதுதான் பெட்டி. பாதுகாப்பு அனுமதி என்கிற சாவி காண்ட்ராக்டர் இடுப்பில் தொங்கும் வரையில், தொழிலாளி எவ்வளவு நல்லவன் என்று போலீஸ் எழுதிக் கொடுத்தாலும் பெட்டி அவனுடையதாகாது. கூலி குறைத்துக் கொடுத்தாலும் அவன் வாய் திறக்க மாட்டான். வாய் திறந்தால் சீட்டு போய்விடும். சீட்டு போனால் மறுபடியும் முதலிலிருந்து அலைச்சல். அனுமதிச் சீட்டு இப்படித்தான் மூக்கணாங்கயிறாக மாறுகிறது.

2025-ஆம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். செலெபி என்ற துருக்கி நாட்டுக் கம்பெனி சென்னை உட்பட ஒன்பது விமான நிலையங்களில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை முதல் விமானங்களுக்கு வேண்டிய தரைப்பணிகள் வரை செய்து வந்தது. பாகிஸ்தானுடன் மோதல் மூண்ட அந்த மே மாதத்தில் துருக்கி பாகிஸ்தான் பக்கம் பேசியது. மே 15-ஆம் தேதி, தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அந்தக் கம்பெனியின் பாதுகாப்பு அனுமதி ரத்து செய்யப்பட்டது. கம்பெனி டில்லி ஐகோர்ட்டுக்குப் போயிற்று. ஜூலை 7-ஆம் தேதி மனு தள்ளுபடியாயிற்று.

அந்தக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குவது நம் வேலையல்ல. நாம் கேட்பது வேறு. அங்கே மூட்டை தூக்கிய இந்தியத் தொழிலாளர் ஆயிரக்கணக்கானவர். அவர்கள் மீது ஒரு குற்றச்சாட்டும் கிடையாது. ஒவ்வொருவரும் விசாரணைக்கு உட்பட்டு உள்ளே போனவர்கள். ஆனாலும் முதலாளியின் அனுமதி போன அன்று, தொழிலாளியின் பிழைப்பும் அந்தரத்தில் தொங்கியது. அவர்களை வேறு கம்பெனிகளில் சேர்த்துக்கொள்ள ஏற்பாடு செய்வதாக அரசு சொல்ல வேண்டி வந்தது. ஏன் சொல்ல வேண்டி வந்தது? தொழிலாளியின் நற்பெயருக்குத் தனியாகச் செலாவணி இல்லாததால்தானே!

பழைய சீட்டு, பழைய விதி

சொந்த ஊரில் நடமாட அதிகாரியின் சீட்டு வேண்டும் என்பது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. திண்டுக்கல் மாவட்டம் 1985-இல்தான் பிறந்தது. அதற்கு முன் இது மதுரை மாவட்டம். அந்தப் பழைய மதுரை மாவட்டத்தில் வெள்ளைக்காரன் கைரேகைச் சட்டம் என்று மக்கள் சொல்லும் குற்றப்பரம்பரைச் சட்டத்தைப் பிறமலைக் கள்ளர் மீது ஏவினான். திருடினானா இல்லையா என்ற கேள்வியே கிடையாது, பிறந்ததே குற்றம். அடுத்த ஊருக்குப் போவதென்றால் ராதாரிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் ஒழிந்தது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி மாவட்டங்களோடு நம் மாவட்டத்திலும் அந்தக் காலத்தின் நினைவாக நிற்கின்றன.

வெள்ளைக்காரன் போனான். சீட்டு போயிற்றா? 1949-இல் ரயில்வேயில் தேசப் பாதுகாப்பைக் காப்பதற்கென்றே தனி விதிகள் வந்தன. கம்யூனிஸ்ட் என்றும், நாசவேலைக்காரன் என்றும் சந்தேகப்பட்ட தொழிலாளர்களை அந்த விதிகளின் கீழ் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பாலகோட்டய்யா முதலான ரயில்வேத் தொழிலாளர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 1957-இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே வந்தது. சங்கத்தில் சேர்வது உன் உரிமை, ஆனால் அந்த உரிமையோடு ரயில்வே வேலையும் வேண்டும் என்று கேட்க முடியாது என்ற பாணியில் வாதம் வென்றது!

அப்படியே நின்றுவிடவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 1983-இல், நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு வேறு பாதை காட்டியது. மத்தியப் பிரதேசத்தில் ராமசங்கர் ரகுவன்ஷி என்ற ஆசிரியர் ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நடவடிக்கைகளில் கலந்துகொண்டவர் என்று போலீஸ் எழுதிய அறிக்கையை வைத்து அவர் வேலையைப் பறித்திருந்தார்கள். ஒருவர் என்ன கட்சி என்று போலீசிடம் கேட்டு, அதை வைத்து வேலை தருவதும் மறுப்பதும் அரசியல் சட்டத்துக்கே ஒவ்வாதது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. அவர் எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. அவருக்குக் கிடைத்த நீதி எல்லாக் கட்சித் தொழிலாளிக்கும் பொருந்தும் என்பதே முக்கியம்.

2023 ஏப்ரல் 5-ஆம் தேதி இன்னொரு தீர்ப்பு. மீடியா ஒன் என்ற மலையாளத் தொலைக்காட்சிக்குப் பாதுகாப்பு அனுமதி மறுத்து, காரணத்தை மூடிய உறையில் வைத்துக் கோர்ட்டில் நீட்டியது மத்திய அரசு. தேசப் பாதுகாப்பு என்ற சொல்லை வெறும் காற்றிலிருந்து பிடுங்கிவந்து காட்ட முடியாது, ஆதாரம் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் அந்த மறுப்பை ரத்து செய்தது. தொலைக்காட்சி முதலாளிக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்றால், தட்டும் துடைப்பமும் ஏந்தி நிற்கும் தொழிலாளிக்கு மட்டும் காரணம் சொல்ல வேண்டாமா?

பாதுகாப்பே வேண்டாமா?

உடனே எதிர்த்தரப்பு கேட்கும்: “அணு உலைக்குள்ளும் விமான நிலையத்துக்குள்ளும் யார் வேண்டுமானாலும் போகலாம் என்கிறீர்களா?”

இல்லை, ஐயா! குண்டு வெடித்தால் முதலில் சாகிறவன் வாசலில் நிற்கும் காவலாளி. அடுத்தவன் மூட்டை தூக்குகிறவன். முதலாளி மாடியில் இருப்பார். பெரும்பாலும் வேறு ஊரிலேயே இருப்பார். ஆகவே சோதனை வேண்டும் என்பதில் மற்ற எவரையும் விடத் தொழிலாளிக்குத்தான் அக்கறை அதிகம். நாம் சோதனையை எதிர்க்கவில்லை. செலவை ஏழை தலையில் கட்டுவதை எதிர்க்கிறோம். காரணம் சொல்லாமல் கதவடைப்பதை எதிர்க்கிறோம். சங்கத்தில் சேர்ந்தவனைக் கழித்துக்கட்ட அந்தச் சோதனையைக் கருவியாக்குவதை எதிர்க்கிறோம்.

அப்படிச் செய்வார்களா என்று சந்தேகப்படுகிறவர்கள் இங்கிலாந்தைப் பார்க்கட்டும். அங்கே 2009-இல் ஓர் அலுவலகத்தைச் சோதனை போட்டார்கள். கட்டுமானத் தொழிலாளர் 3,200-க்கு மேற்பட்டவர்களைப் பற்றிய ரகசியக் குறிப்பட்டைகள் கிடைத்தன. யார் சங்கத்தில் தீவிரமானவர், யார் பாதுகாப்புக் கருவி கேட்டுத் தகராறு செய்தவர் என்றெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். 40-க்கு மேற்பட்ட பெரிய கம்பெனிகள் காசு கொடுத்து அந்தப் பட்டியலைப் பார்த்து வந்தன. ஏன் வேலை கிடைக்கவில்லை என்று தெரியாமலே பலர் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். 2016-இல் கம்பெனிகள் நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தது.

அமெரிக்காவில் 1950-இல் துறைமுகத் தொழிலாளரையும் கப்பல் தொழிலாளரையும் வடிகட்டினார்கள். காரணம் சொல்லாமலே அனுமதி மறுத்தார்கள். கப்பல் தொழிலாளர்கள் விடவில்லை. 1955-இல் அங்குள்ள மேல்முறையீட்டுக் கோர்ட், குற்றச்சாட்டு இன்னதென்று சொல்லாமல் பிழைப்பைப் பறிப்பது செல்லாது என்றது. இன்று அந்நாட்டுத் துறைமுகத் தொழிலாளிக்குத் தரப்படும் அனுமதி அட்டை அவர் பெயரிலேயே இருக்கிறது. ஐந்து ஆண்டு செல்லும். கம்பெனி மாறினாலும் துறைமுகம் மாறினாலும் அட்டை மாறுவதில்லை. மறுத்தால் மேல்முறையீடு உண்டு. முதலாளித்துவத்தின் தலைநகரத்தில் முடிகிறது. இங்கே ஏன் முடியாது?

இங்கேயே முடிந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை! தனியார் காவல் நிறுவனங்களுக்காக 2005-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் கீழ் 2006-இல் மத்திய அரசு மாதிரி விதிகளை வகுத்தது. காவலாளிக்கு நிறுவனம் தரும் நடத்தைச் சான்றை, அவர் வேலையை விட்டுப் போனாலும் திருப்பி வாங்கக் கூடாது என்று அந்த மாதிரி விதிகள் சொல்லின. வாசலில் நிற்கும் காவலாளிக்கு ஒத்துக்கொண்ட நியாயத்தை, அதே வாசல் வழியாக உள்ளே போகும் துப்புரவுத் தொழிலாளிக்கு ஏன் மறுக்க வேண்டும்?

கைதான மாலையும் கிடக்கும் வழக்கும்

போலீஸ் விசாரணையில் நம் தோழர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அதைத் திறந்து பேசியாக வேண்டும்.

தண்ணீர் வரவில்லை என்று சாலை மறியல். கூலி உயர்வு கேட்டு ஆர்ப்பாட்டம். காலையில் கைது, கல்யாண மண்டபத்தில் மதியச் சாப்பாடு, மாலையில் விடுதலை. எல்லாம் முடிந்துவிட்டதென்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். ஆனால் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருந்தால் அது ஸ்டேஷனில் கிடக்கும். ஐந்து வருஷம் கழித்து நன்னடத்தைச் சான்று கேட்கும்போது எழுந்து உட்காரும். கூடங்குளம் அணு உலையை எதிர்த்துப் போராடிய மக்கள் மீது போட்ட வழக்குகளை நினைத்துப் பாருங்கள். அவற்றைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்று 2013 மே 6-ஆம் தேதியே சுப்ரீம் கோர்ட் சொன்னது. எட்டு ஆண்டு கழித்து, 2021-இலும் தமிழ்நாட்டில் அந்த வழக்குகளைத் திரும்பப் பெறுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்!

ஆகவே விண்ணப்பத்தில் “வழக்கு உண்டா?” என்று கேட்டிருந்தால் மறைக்காதீர்கள். 2016-இல் அவதார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் நெறிமுறைகளைச் சொல்லியிருக்கிறது. கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும். இளமையில் கோஷம் போட்டது போன்ற சில்லறை விஷயமாக இருந்தால், மறைத்திருந்தாலும் கூட முதலாளி மன்னிக்கலாம். கேட்காததைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்ட முடியாது. ஆனால் பெரிய விஷயத்தை மறைத்தால், அந்த மறைத்தலே வேலையைப் பறிக்கப் போதும். கோஷம் போட்டது குற்றமல்ல, கூசாமல் எழுதுங்கள். கூனிக்குறுகி மறைத்தால்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இலேயே சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அந்தரங்கமான வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. விண்ணப்பிக்கும் முன் படித்த தோழர் ஒருவரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். விடுதலையான வழக்கு என்றால் தீர்ப்பு நகலை வாங்கிப் பெட்டியில் வையுங்கள். அந்த நகல் ஒரு பவுன் நகைக்குச் சமம்.

புதுச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

காண்ட்ராக்ட் தொழிலாளர் பற்றிய 1970-ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. முந்தி 20 காண்ட்ராக்ட் தொழிலாளர் இருந்தால் சட்டம் பாயும்; இப்போது 50 பேர் வேண்டும். 49 பேரை வைத்திருக்கும் காண்ட்ராக்டர் அந்தப் பகுதிக்கு வெளியே நின்று மீசையை முறுக்கலாம்! நிறுவனத்தின் மூலத் தொழிலில் காண்ட்ராக்ட் கூடாது என்கிறது சட்டம். ஆனால் துப்புரவு, காவல், காண்டீன், ஏற்றி இறக்குதல் ஆகியவை மூலத் தொழில் அல்ல என்று அதே மூச்சில் ஒதுக்கிவிடுகிறது. நம்மவர் போவது பெரும்பாலும் அந்த வேலைகளுக்குத்தான்.

ஆனாலும் பிடித்துக்கொள்ள இரண்டு கொம்பு இருக்கிறது. காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் மூல முதலாளி தர வேண்டும். பழைய சட்டத்தில் இருந்த இந்த விதி புதிதிலும் இருக்கிறது. தொழிலாளி கேட்டால் காண்ட்ராக்டர் அனுபவச் சான்று தந்தே தீர வேண்டும். இதைக் கேட்டு வாங்குகிறவர் எத்தனை பேர்? பாதுகாப்பு நிறைந்த இடத்தில் வேலை செய்த அனுபவச் சான்று அடுத்த வேலைக்கு வழி திறக்கும். அனுமதிச் சீட்டைப் பறித்தாலும் அனுபவத்தைப் பறிக்க முடியாது.

வாங்கலாமா, வேண்டாமா?

இப்போது கேள்விக்கு வருவோம். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் காண்ட்ராக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: காண்ட்ராக்ட் எத்தனை மாதம்? ஆறு மாதத்துக்குக் குறைந்தால் மேலே போட்ட கணக்கை உங்கள் கூலிக்கு ஏற்றபடி போட்டுப் பாருங்கள்.

இரண்டு: செலவு யாருடையது? கட்டணத்தையும், கெட்டுப்போகும் நாள்கூலியையும் அவர் தருகிறாரா? தரமாட்டார் என்றால் எவ்வளவு பிடிப்பார்?

மூன்று: பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டா? வேலை நியமனக் கடிதம் உண்டா? பி.எப். எண் காண்ட்ராக்டர் மாறினாலும் மாறாதது. தொழிலாளியின் சொந்த எண். அது கிடைக்கும் வேலை என்றால், ஓரளவு அலைச்சலையும் பொறுத்துக்கொள்ளலாம்.

மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் வாங்குங்கள். சான்று கைக்கு வரும் வரை இருக்கிற வேலையை விடாதீர்கள். இடைத்தரகனுக்குக் காசு கொடுக்காதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கொடுத்த ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் வையுங்கள். மூன்றுக்கும் மழுப்பலே பதில் என்றால், அந்த வேலைக்காக நடந்து செருப்பைத் தேய்க்க வேண்டாம்.

இது தனி மனிதனுக்குச் சொல்லும் யோசனை. ஆனால் தனி மனிதன் கேட்டால் காண்ட்ராக்டர் என்ன சொல்வார்? “உனக்கு இஷ்டமில்லாவிட்டால் போ, பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள்” என்பார். அந்தப் பத்துப் பேரும் அதே மூன்று கேள்வியைக் கேட்டால்? அங்கேதான் சங்கம் பிறக்கிறது.

சங்கங்கள் கேட்க வேண்டியவையும் தெளிவானவையே. சோதனைச் செலவு மூல முதலாளியுடையதாக வேண்டும். சான்று தொழிலாளி பெயரில், காண்ட்ராக்டர் மாறினாலும் செல்லும்படி இருக்க வேண்டும். எத்தனை நாளில் முடியும் என்று கெடு வேண்டும். மறுத்தால் எழுத்தில் காரணம் வேண்டும், மேல்முறையீடு வேண்டும். சங்கத்தில் இருப்பதும், கொடி பிடித்ததும், கோஷம் போட்டதும் காரணமாகக் கூடாது. இவற்றில் ஒன்றுகூட நாட்டின் பாதுகாப்பைக் குலைப்பதல்ல. ஒவ்வொன்றும் நாட்டைக் கட்டுகிறவனின் பாதுகாப்பைக் கூட்டுவது.

கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். உங்கள் ஊரில் யார் யார் சான்றுக்காக அலைகிறார்கள், எத்தனை நாள் கெட்டது, எவ்வளவு பணம் போயிற்று என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நாளை காண்ட்ராக்டர் முன்னாலும் அதிகாரி முன்னாலும் உட்காரும்போது, வெறும் கோபத்தைக் கொண்டுபோக வேண்டாம். அந்த நோட்டைக் கொண்டுபோங்கள்!